ஊரார் அறியவேண்டிய மின்கணக்கு

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

 

மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டுமென்று என்னைப் பணித்திருக்கிறீர்கள். சிக்கனம் என்றவுடன், விளக்கை அணையுங்கள், விசிறியை நிறுத்துங்கள் என்று நான் உபதேசம் செய்யப்போவதாகச் சிலர் எண்ணக்கூடும். அதுவும் வேண்டியதே. ஆயினும், அதற்கு முன்பாக நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் வீட்டு மின்கணக்கை நாம் பார்க்கிறோம். ஊரின் மின்கணக்கை யார் பார்க்கிறார்கள்?

சென்ற கோடையில் பூந்தமல்லிக்கு மேற்கே ஓர் ஊருக்குச் சென்றிருந்தேன். காலை எட்டு மணி. வெயில் சுளீரென்று அடிக்கிறது. தெருவிளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் சாலையோரப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்தது. அதே ஊரின் கடைசித் தெருவிலோ, தாய்மார்கள் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

தொட்டி இயக்கும் இளைஞரிடம், "தம்பி, விளக்கை இன்னும் அணைக்கவில்லையே?" என்றேன். "ஐயா, சுவிட்சுப் பெட்டியின் மூடி உடைந்து மூன்று மாதமாகிறது. மழை பெய்தால் உள்ளே நனைகிறது. தொடவே பயமாயிருக்கிறது. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தவேண்டுமென்றால், நான் ஏணியில் ஏறிப் பார்க்கவேண்டும். நான் ஒருவன், தொட்டியோ மூன்று" என்றார் அவர். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "விடுங்கள் ஐயா, எரிந்தால் என்ன? சர்க்கார் பணந்தானே" என்று சொல்லிச் சிரித்தார்.

இவ்விருவர் சொன்னவற்றையும் நான் இன்றளவும் மறக்கவில்லை. இளைஞரைக் குற்றம் சொல்லமுடியாது. ஒரு மூடியும், தொட்டிக்கு ஒரு மிதவையும் வாங்கித் தராத குறை நம்முடையது. பெரியவர் சொன்னதுதான் முற்றிலும் தவறு. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தை ஊராட்சியே செலுத்துகிறது. நீங்கள் கட்டும் வீட்டுவரியும், மாநில நிதியில் உங்கள் ஊருக்கென்று வரும் பங்கும் சேர்ந்ததே ஊராட்சியின் நிதி. அது சர்க்கார் பணமன்று, ஊர்ப் பணம். காலை எட்டு மணிக்கு எரியும் விளக்கு, மழைக்காலத்தில் நீங்கள் கேட்கப்போகும் வடிகாலை எரித்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு எரிகிறது என்று கணக்குப் பார்ப்போம். ஆயிரம் வாட் சக்தியுள்ள கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். ஓர் ஊரில் 100 தெருவிளக்குகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 20 வாட் எல்.இ.டி. விளக்கு. விடிந்த பின்பும் இரண்டு மணி நேரம் அவை வீணே எரிந்தால், நாளொன்றுக்கு 4 யூனிட். ஆண்டொன்றுக்கு 1,460 யூனிட். சோக்குடன் கூடிய பழைய 40 வாட் குழல்விளக்குகளாயின் ஒவ்வொன்றும் சுமார் 50 வாட் இழுக்கும். நட்டம் இரண்டரை மடங்காகிவிடும்.

மோட்டாரைப் பாருங்கள். ஒரு குதிரைச்சக்தி என்பது 746 வாட். 5 குதிரைச்சக்தி மோட்டார் ஒன்று, தன்னுள் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, மணிக்கு ஏறக்குறைய 4½ யூனிட் மின்சாரம் எடுக்கும். தொட்டி நிரம்பிய பின்னர் அது தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்தில் 135 யூனிட் பாழ். உடைந்த குழாயிலும் மூடாத தெருக்குழாயிலும் ஒழுகும் தண்ணீரும் அப்படியே. பூமிக்கடியிலிருந்து மின்சாரத்தைக் கொண்டு தூக்கிய தண்ணீர் அது. தண்ணீர் ஒழுகும் இடத்திலெல்லாம் மின்சாரமும் ஒழுகுகிறது.

இது வேறெந்த வட்டாரத்தைக் காட்டிலும் நம் வட்டாரத்துக்கு அதிகமாகப் பொருந்தும். 1964-ம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய காலந்தொட்டு, பட்டணம் மேற்கு நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. அம்பத்தூர் 2011-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ம் ஆண்டில் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. இவற்றை அடுத்துள்ள ஊராட்சிகளின் நிலை என்ன? நெல் விளைந்த வயலில் மனைகள் எழுகின்றன. புதிய தெரு வந்தவுடன் விளக்குக் கேட்கிறார்கள். அடுத்த மாதம் தண்ணீர் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் வரி வருமுன்பே மின்கட்டணம் வந்துவிடுகிறது. கட்டணம் ஏற ஏற, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கும் ஏரிக்கரைப் பணிக்கும் ஊராட்சியின் கையில் காசு மிஞ்சுவதில்லை. ஆகவே, மின்சாரச் சிக்கனம் என்பது நமக்கு நற்பழக்கம் மட்டுமன்று. ஊராட்சி தன் காலில் நிற்குமா, நிற்காதா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

அன்பர்களே, நமது பகுதி ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம், போரூர், அம்பத்தூர், கொரட்டூர் என்று எத்தனையோ ஏரிகள். அந்நாளில் ஏரித் தண்ணீரை நம் முன்னோர் எவ்வாறு ஆண்டார்கள்? தண்ணீர் பொது; ஆகையால் காவலும் பொது. மதகைத் திறக்கவும் மூடவும் நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை ஊரே அறியும். கரை உடைந்தால் குடிமராமத்து என்று வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். மின்கம்பியில் வருவதும் அத்தகைய பொதுச் சொத்தே. எங்கோ அணையிலும் அனல் நிலையத்திலும் காற்றாலையிலும் உண்டானது, ஒரே வலையில் சேர்ந்து, நம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வழியாகப் பிரிகிறது. ஏரிக்கு நீர்க்கட்டி வைத்த நாம், மின்சாரத்துக்கு ஏன் ஒருவரையும் வைக்கவில்லை?

நமது மின்சாரத்தின் வரலாறும் பொதுவுடைமையின் வரலாறே. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. சென்னை நகருக்கு மின்சாரம் வழங்கிவந்த தனியார் கம்பெனியை 1947-ல் அரசு ஏற்றுக்கொண்டது. 1955 ஜனவரியில் இதோ இந்த ஆவடியிலேதான் காங்கிரஸ் மகாசபை கூடி, நாட்டுக்குச் சமதர்ம பாணிச் சமுதாயமே இலட்சியம் என்று தீர்மானித்தது. 1957 ஜூலையில் மாநில மின்சார வாரியம் அமைந்தது. அதன் பின்னர் கிராமம் கிராமமாகக் கம்பங்கள் நட்டார்கள். அந்த வாரியம் 2010-லும் 2024-லும் தனித்தனிக் கழகங்களாகப் பிரிக்கப்பட்டது. பெயர்கள் மாறினாலும் சொத்து நம்முடையதே.

வெளிநாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. அமெரிக்காவில் 1930-களில் பட்டணங்களில் விளக்கெரிந்தது. பண்ணைகள் இருளில் கிடந்தன. வீட்டுக்கு வீடு தூரம் அதிகம், லாபம் இல்லை என்று கம்பெனிகள் கம்பி இழுக்க மறுத்தன. 1935-ல் அரசு கிராம மின்மயத்திற்கென ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்திக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே கம்பி இழுத்துக்கொண்டார்கள். இந்தியாவிலும் 1969-ல் கிராம மின்மயக் கழகம் தோன்றிய பிறகு, இன்றைய தெலங்கானாவிலுள்ள சிரிசில்லா போன்ற இடங்களில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. மின்சாரம் வாங்குகிறவரே சங்கத்தின் உறுப்பினர். அமெரிக்கச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்குப் பத்திரிகையும் அனுப்புகின்றன. கம்பி பழுதுபார்க்கும் செய்தியும், வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வழிகளும் அவற்றில் வருகின்றன. செய்தி தெரிந்தவனே சொந்தக்காரனாக நடந்துகொள்வான் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள ஓடந்துறை ஊராட்சி நமக்கு வழிகாட்டியிருக்கிறது. 1996-ம் ஆண்டில் திரு. ஆர். சண்முகம் அவ்வூராட்சியின் தலைவரானார். குடிநீர் வசதி பெருகிற்று. அதனோடு மின்கட்டணமும் பெருகிற்று. இன்று நமக்கிருக்கும் அதே தொல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? மரத்துண்டுகளைக் கொண்டு இயங்கும் 9 கிலோவாட் எரிவாயுக் கருவி ஒன்றை அமைத்து, அதைக்கொண்டு குடிநீர் இறைத்தார்கள். குடியிருப்புகள் சிலவற்றில் சூரிய ஒளித் தெருவிளக்கு அமைத்தார்கள். இவ்வாறு சிறுகச் சிறுகச் செலவைக் குறைத்த பிறகே பெரிய காரியத்தில் இறங்கினார்கள்.

2006-ம் ஆண்டில், ஊராட்சியின் சேமிப்பிலிருந்து 40 இலட்சம் ரூபாயும், வங்கிக் கடனாக 1 கோடியே 15 இலட்சம் ரூபாயும் போட்டு, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். அது ஓடந்துறையில் இல்லை; காற்று நன்கு வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே உண்டாகும் மின்சாரம் மின்வாரியத்தின் வலையில் சேர, ஊரின் கணக்கில் அது வரவு வைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 6¾ இலட்சம் யூனிட் உற்பத்தியென்றும், ஊராட்சியின் தேவை ஏறக்குறைய 4½ இலட்சம் யூனிட் என்றும், மிகுதி வாரியத்துக்கு விற்கப்பட்டதென்றும் அந்நாளில் கணக்குக் காட்டினார்கள். மின்கட்டணத்தால் திணறிய ஓர் ஊராட்சி மின்சாரம் விற்கும் ஊராட்சியாயிற்று.

இதைக் கேட்டவுடன், "நமக்கும் ஒரு காற்றாலை வேண்டும்" என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். ஓடந்துறையின் பெருமை காற்றாலையில் இல்லை; அந்த 40 இலட்சத்தில் இருக்கிறது. வரியை ஒழுங்காக வசூலித்து, வீண் செலவை அடைத்து, கணக்கைக் கையில் வைத்திருந்ததனாலேயே வங்கி நம்பிக் கடன் கொடுத்தது. கணக்குத் தெரியாத ஊருக்குக் காற்றாலை கிடைத்தாலும், அதன் வருமானமும் காலை எட்டு மணி விளக்கிலேயே எரிந்துபோகும்.

நமது பகுதியில் காற்றைவிட வெயில் மலிவு. ஒரு கிலோவாட் சூரியத் தகடு, நல்ல வெயிலில் நிழல் விழாத மாடியில் இருந்தால், சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். அதற்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் போதும். ஊராட்சி அலுவலகத்தின் மாடியும் சமுதாயக் கூடத்தின் மாடியும் சும்மாதான் கிடக்கின்றன. வீடுகளுக்காக மத்திய அரசு 2024-ம் ஆண்டில் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்போருக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டது. வசதியுள்ளோர் மின்சார அலுவலகத்தில் அப்போதைய விதிகளை விசாரித்துப் பயன் பெறலாம். ஆனால் முதலில் ஓட்டையை அடைத்துவிட்டுப் பிறகு குடத்தை நிரப்புவதே முறை.

இனி வீட்டுக்கு வருவோம். இது தாய்மார்கள் கவனிக்கவேண்டிய பகுதி. வீட்டின் கணக்கு அவர்கள் கையில் இருப்பதால் சொல்கிறேன். ஆண்கள் காதை மூடிக்கொள்ளவேண்டாம்.

பழைய 60 வாட் குண்டு பல்பு மாலையில் ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகிறது. அதே வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும், மூன்று யூனிட்டுக்கும் குறைவே ஆகும். நம் வீடுகளில் அதிகம் செலவாவது விசிறியால். சாதாரண விசிறி 75 வாட். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். புதுமுறை மோட்டார் பொருத்திய விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 27 யூனிட்டே ஆகும். விலை அதிகந்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டாம். இரவு முழுதும் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சுடு சோற்றையும் சுடு குழம்பையும் அப்படியே உள்ளே வைக்காதீர்கள். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். துணியைத் தினமொன்றாகத் தேய்ப்பதைவிட, வாரத்தில் ஒருநாள் சேர்த்துத் தேய்த்தால் பெட்டியைத் திரும்பத் திரும்பச் சூடேற்றும் செலவு மிஞ்சும். குளிரூட்டும் கருவி உள்ள வீட்டார் அதை 24 டிகிரியில் வைக்கட்டும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சம் என்று மத்திய எரிசக்திச் சிக்கனத் துறையினர் கூறுகிறார்கள். புதிய சாமான் வாங்கும்போது அதில் ஒட்டியுள்ள நட்சத்திரங்களை எண்ணுங்கள். நட்சத்திரம் கூடினால் செலவு குறையும்.

மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது, "தொட்டி வழியுதும்மா" என்று பக்கத்து வீட்டார் கூப்பிடும்வரை காத்திருக்கவேண்டாம். தொட்டி நிறைந்ததும் தானே நிறுத்தும் கருவி கடையில் கிடைக்கிறது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கெடுக்கிறார்கள். உபயோகம் கூடக்கூடக் கட்டணமும் படிப்படியாக ஏறுகிறது. ஆகையால் கடைசியில் மிச்சமாகும் சில யூனிட்டுகளே அதிக விலையுள்ளவை.

விவசாய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் 1990-ம் ஆண்டையொட்டி எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அது உழவனின் கஷ்டம் அறிந்து செய்த உதவி. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் கட்டணச் சீட்டு வராத இடத்தில், வீணாவதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. கிணறு ஒன்றுதான் சொல்லும். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததனால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உவராயின. பட்டணத்துக்கும் தொழிற்சாலைக்கும் இறைத்தது அதில் பெரும் பங்கு. யார் இறைத்தாலும் உப்பைச் சுவைத்தவன் உழவனே.

ஆகவே, தேய்ந்த புட்வால்வை மாற்றுங்கள். குறுகிய குழாயும் தேவையற்ற வளைவுகளும் மோட்டாரின் சக்தியைத் தின்றுவிடும், அவற்றை நீக்குங்கள். மோட்டாருக்குக் கெபாசிட்டர் பொருத்தினால் மின்னழுத்தம் சீர்படும். பக்கத்து வயல்காரரின் மோட்டாரும் எரியாது. மோட்டாரை ஓட விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது மனிதரையும் மாட்டையும் கொல்லும் குற்றம் என்பதை மறக்கவேண்டாம்.

முடிவாக, ஊராட்சிப் பொறுப்பில் இருந்தவர்களும், இருப்பவர்களும், இனி வரப்போகிறவர்களும் மனத்தில் கொள்ளவேண்டிய மூன்று காரியங்களைச் சொல்லி அமைகிறேன்.

முதலாவது, ஒரு கரும்பலகை. ஊராட்சி அலுவலக வாசலில் அதை மாட்டி, தெருவிளக்குக்கு இத்தனை யூனிட், குடிநீர் மோட்டாருக்கு இத்தனை யூனிட், கட்டணம் இவ்வளவு, சென்ற முறை இவ்வளவு என்று கணக்கெடுப்பு நடந்தபோதெல்லாம் எழுதுங்கள். கிராம சபை கூடும் நாட்களில் அதை உரக்கப் படியுங்கள். இரண்டாவது, மின்சாரத்துக்கும் ஒரு நீர்க்கட்டி. தெருவுக்கொருவர் விளக்கையும் குழாயையும் கவனித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதை நன்றாகச் செய்வார்கள். மூன்றாவது, அந்த உடைந்த மூடி. சுவிட்சுப் பெட்டியையும் மிதவையையும் மின்கசிவையும் சீர்செய்யும் செலவை ஒத்திப்போடாதீர்கள். தொட்டி இயக்கும் தொழிலாளியின் உயிர், மிச்சமாகும் யூனிட்டைவிடப் பெரிது.

நான் பார்த்த அந்த ஊருக்கு மறுமுறை போனபோது, சுவிட்சுப் பெட்டிக்குப் புது மூடி போட்டிருந்தார்கள். தெருவிளக்குகள் அணைந்திருந்தன. மூன்று தொட்டிகளில் இரண்டுக்கு மிதவை வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இம்முறை, "சர்க்கார் பணந்தானே" என்று சிரித்த அதே பெரியவர் அதைக் காட்டி, "பாருங்கள் ஐயா, நம் பணம் ஓடுகிறது" என்றார். அந்த ஒரு சொல் மாறியது போதும். மூன்றாவது தொட்டிக்கும் மிதவை வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

உங்கள் ஊர்களிலும் அச்சொல் மாறவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.